முக்கால்

கட்டபெட்டு தாண்டி இறக்கத்தில் இருக்கும்
தேயிலைத் தொழிற்சாலைக்கு
ஜூன் பதினேழு, செவ்வாய், நல்ல மழையில்
ரசீதோடு வந்து நின்றாள் மாதி.
"முக்கால்னு அடிச்சிருக்கு.
மீதிக் கால் எங்க போச்சு?"

ஈரக் கழிவாயிருக்கும் என்று
எடைக்காரரைக் கைகாட்டினார் கணக்கர் பெள்ராஜ்.
எடைக்காரர் தராசைக் காட்டினார்.
தராசு என்னைக் காட்டியது.
கோத்தகிரியில் ஒரு பேக்கரிக்கு மேல் குடியிருந்து
இந்தச் செயலியை எழுதியவள் நான்.

வாங்கிப் பார்த்தேன்.
எடை சரி, பதினெட்டு கிலோ நானூறு.
விலை சரி. உறுப்பினர் எண் சரி.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்

à®®à®¾à®¤à®¿

மூன்றுக்கொரு முறை தலையில் முள் தைத்த ஓர் எழுத்து.
அவள் பெயர் வேறு யாருக்கோ பதிவான சரக்கென்று
வட்டத்துக்குள் ஒரு முத்திரை, ஐந்து தடவை.
நடுவில் முக்கால்.
பிறகு எந்த நாட்டிலும் செல்லாத ஒரு பணக்குறி.
கடைசியில்
தலைகீழாய்த் தொங்கும் கேள்வி.

நாலு வருஷம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
செயலி யூடிஎஃப்-8இல் அனுப்பும்.
தரவுத்தளம் அதை லத்தீன் என்று நம்பி வாங்கி வைக்கும்,
கேட்டால் லத்தீன் என்றே நம்பி எடுத்துக் கொடுக்கும்.
போகும்போதும் வரும்போதும் ஒரே பொய்.
அதனால் பெயர்கள்
ஒரு கீறலுமின்றி வந்து சேர்ந்தன.

ஞாயிறு இரவு நான் உண்மை பேசினேன்.
இணைப்பு அமைப்பில் ஒரே ஒரு வரி:
இனி யூடிஎஃப்-8.
சரியான வரி. இப்போதும் சொல்வேன், சரியான வரி.
அட்டவணையிடம் சொல்ல மறந்தேன்.
அது பழைய நம்பிக்கையிலேயே
உட்கார்ந்திருந்தது.

விடிந்தபோது அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும்
மாதியைப் போல் உளறலாகியிருந்தார்கள்.
அன்றும் மறுநாளும் புதிதாய்ச் சேர்ந்த பத்தொன்பது பேர்
உளறலாகக்கூட இல்லை.

????
ஜோகியாக இருக்கலாம். இன்னொரு மாதியாக இருக்கலாம்.
?????
போஜன், ஹாலன், யாரும்.
காலுக்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று,
மெய்யின் புள்ளிக்கும் ஒன்று வைத்து
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
உளறலைத் திருப்பலாம்.
கேள்விக்குறிக்குள் எதுவும் மிச்சமில்லை.

மாதியிடம் சொன்னேன்:
"பங்கு ஒண்ணும் போகலை.
உங்க பேர்ல ம பக்கத்துல ஒரு கால் இருக்கில்ல,
அதுதான் முக்கால் ஆயிடுச்சு."
அவள் சிரிக்கவில்லை.
"பேர்ல கூட்டினவங்க
பணத்துலயும் கூட்டியிருக்கலாம்."

இரவு. கீழே வாட்டும் தொட்டிகளின் விசிறிகள்,
பச்சை வாசனை படியேறி வந்தது.
மின்சாரம் இரண்டு முறை போனது.
மூன்று நகல் எடுத்து, ஒன்றை
பெள்ராஜின் மேஜை அறையில் பூட்டிவிட்டுத் தொடங்கினேன்.

நேராக மாற்றக் கூடாது.
நேராக மாற்றினால் பிழை
முறைப்படி, சுத்தமாக, பிழையாகவே பதிவாகிவிடும்.
எழுத்து என்பதையே முதலில் மறக்கவைக்க வேண்டும்.
வெறும் பைட்டுகள். எந்த ஊரும் எந்த வாயும் இல்லாத
எண்கள்.
அந்த நிலையில் ஒரு நொடி நிற்கவிட்டு
அதன் பிறகே காதில் சொல்ல வேண்டும்,
நீ தமிழ் என்று.

மூன்றேகாலுக்கு மாதி திரும்பி வந்தாள்,
ஒரே கால், ஒரே கொக்கி.
அவளுக்குப் பின்னால் அறுநூற்றுப் பதினொரு பேர்.

பத்தொன்பது பேருக்கும் போன் செய்தேன்.
"போன வாரந்தானே பேர் குடுத்தேன், தொலைச்சிட்டீங்களா?"
ஆமாம் என்றேன், பதினெட்டு முறை.

இரண்டாயிரத்து இருநூற்று ஏழு மட்டும் எடுக்கவில்லை.
ஜீப்காரருக்கும் ஆளைத் தெரியாது.
வளைவில் மூட்டை இருக்கும், மேலே எண் எழுதியிருக்கும்,
ஏற்றிக்கொண்டு வருகிறாராம்.

அந்த வரியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
ஒரு பெயரை ஊகித்து அடிக்க
இரண்டு நிமிடம் ஆகாது.
விரல் போகவில்லை.

வியாழன்: ????, பன்னிரண்டு கிலோ.
கொழுந்து இலை, முற்றல் இல்லை என்கிறார் எடைக்காரர்.